மலேசியா, சுங்கை சிப்புட்டில் பால்மர (ரப்பர்) தோட்ட மரபு நாள்: எத்தனை மரம், எத்தனை மணிக்கு வெட்டு, என்னென்ன தயார் செய்யணும்?

#1 சிப்புட்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, நம்ம ஊரில் தோட்டத் தொழில் மரபு நாள் நடத்தக் குழு முடிவெடுத்திருக்கு. டவுனுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறுதோட்டம், அதை ஒட்டி ஒரு திடல், ரெண்டுக்கும் உரிமையாளர் சம்மதம் கிடைச்சிருச்சு. தோட்டத்தில் சுமார் 300 பால் மரம் இருக்கு. உறைஞ்ச பாலை ரப்பர் ஷீட்டா தட்டையாக்குற, கையால் சுத்துற பழைய உருட்டு மெஷின் ஒரு ஜோடி கிடைச்சிருக்கு. ஆனா துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு.

இப்போதைக்குப் போட்ட நிகழ்ச்சி நிரல்: 9.30 பதிவு, 10.00 பிரமுகர் குத்துவிளக்கு, பேச்சு, 11.30 ரெண்டு மரத்தில் பால் வெட்டிக் காட்டுறது, அப்புறம் ஷீட் உருட்டிக் காட்டுறது, 12.30 சாப்பாடு, பிற்பகல் புகைப்படக் கண்காட்சி, உறுமி, சடுகுடு.

இதில் என்ன தப்பு, என்ன விட்டுப்போச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 உளிமுனை

தம்பி, 11.30க்குப் பால் வெட்டுனா வெட்டுன கோட்டில் நாலு சொட்டு நிக்கும், மங்கு (மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம்) வரைக்கும் வராது. வந்த ஜனம் "அவ்ளோதானா?"ன்னு கேட்டுட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போயிரும்.

காரணம் இது. பட்டைக்குள்ள பால் ஓடுற நுண்குழாய்கள் விடியறதுக்கு முன்னாலதான் தண்ணி ஏறி விம்மி நிக்கும். ராத்திரி இலை வழியா நீர் ஆவியாகாது, அதனால உள்ள அழுத்தம் ஏறிக் கிடக்கும். வெயில் ஏற ஏற இலை தண்ணியை இழுத்துக்கும், அழுத்தம் இறங்கும், ஓட்டம் நின்னுபோகும். அந்தக் காலத்துப் பெரட்டு (வேலைக்கு முன்னால ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுறது) விடியறதுக்கு முன்னாலேயே நடந்ததுக்கு துரைமார்களின் கண்டிப்பு மட்டும் காரணம் இல்ல. மரத்தோட நேரம் அது.

வெட்டு 6.30க்குத் தொடங்கணும். ஆகஸ்டில் இங்க சூரியன் 7 மணிக்கு மேலதான் வரும். தலைவிளக்கு வேணும். பழைய கார்பைட் விளக்கு இருந்தா மேசையில் வைங்க, பத்த வைக்க வேணாம். தண்ணி பட்டதும் அசிட்டிலின் வாயு வரும், கூட்டத்துக்குள்ள அந்த விளையாட்டு ஆகாது.

தேதி மட்டும் நல்லா வந்திருக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை கொட்டித் துளிர்க்கிற காலம், பால் குறையும். வருசக் கடைசி மழைக்காலம். பேராக் பக்கம் ஜூன், ஜூலைதான் ஓரளவு வறட்சி.

#3 சிப்புட்வாசி

பிரமுகர் 9.30க்கு முன்னால வரமாட்டாராம், அண்ணே. பந்தல் செலவு அவர் கணக்கு. காலை 6.30க்குக் கூட்டமும் வராதுன்னு குழுவில் சொல்றாங்க.

#4 மெட்ரோலாக்

பிரமுகரைப் பத்தின கவலை வேணாம். வெட்டுன மரம் ரெண்டு, மூணு மணி நேரம் வடியும். 6.30 முதல் 7.15 வரை வெட்டு. அதுக்கு வர்றவங்க வரட்டும். அம்பது பேர் வந்தாலும் அந்த அம்பது பேர்தான் ஊரெல்லாம் சொல்லுவாங்க. 7.15 முதல் 9.30 வரை பால் சொட்டிக்கிட்டிருக்கும். அந்த நேரத்தில் பசியாறல், கண்காட்சி திறப்பு. 9.30க்குப் பிரமுகர் வந்து இறங்கும்போது மங்கு நிரம்பியிருக்கும். அவர் கையிலேயே வாளியைக் கொடுத்து முதல் மங்கை ஊத்தச் சொல்லுங்க. புகைப்படமும் கிடைச்சுது, மரமும் காத்திருக்கல. பேச்சு எல்லாம் 10.30க்கு மேல, ஆசிட் போட்ட பால் உறையிற நேரத்தில். அப்போ யாருக்கும் வேற வேலை இல்ல.

பெரிய பிழை அந்த "ரெண்டு மரம்". கணக்குப் போடுவோம்.

ஒரு மரம் ஒரு வெட்டுக்கு 100 முதல் 200 மில்லி பால் தரும். 150ன்னு வைங்க. பாலில் உலர்ந்த ரப்பர் மூணில் ஒரு பங்கு, அதாவது 30 முதல் 35 சதவீதம். வழக்கமான ஒரு ஷீட் அரை கிலோ. அதுக்கு ஒன்றரை லிட்டர் பால் வேணும். அப்படின்னா ஒரே ஒரு ஷீட்டுக்குப் பத்து மரம். ரெண்டு மரத்தை வெட்டிட்டு "இதில்தான் ஷீட் செய்வோம்"னு சொன்னா பாத்திரத்தோட அடி நனையும், அவ்வளவுதான்.

ஜனங்க முன்னால ஆறு ஷீட் உருட்டணும்னா 9 லிட்டர், 60 மரம். பயம் வேணாம், 500 மரத்தை ஒரு காலையில் முடிக்கிற கைக்கு 60 மரம் அரை மணி நேரம்.

அடுத்த சிக்கல். காலையில் எடுத்த பாலை அன்னிக்கே உருட்டுறது கஷ்டம். உறைய நேரம் வேணும். அதனால முதல் நாள் சனிக்கிழமை எடுத்த பாலை ராத்திரி முழுக்க உறைய விட்டு, ஞாயிறு 11 மணிக்கு உருட்டிக் காட்டணும். ஞாயிறு காலைப் பால், வடிகட்டி ஆசிட் கலக்குறதைக் காட்டுறதுக்கு மட்டும். அதுக்குப் பாலை உறைய விடுற தட்டு ரெண்டு, 3 லிட்டர், 20 மரம் போதும்.

#5 உளிமுனை

மெட்ரோலாக் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. ஒரே மரத்தை சனியும் ஞாயிறும் வெட்டக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அதனால மரங்களை ரெண்டு தொகுதியாப் பிரிங்க. "அ" தொகுதி 25 மரம், ஞாயிறு வெட்டுக்கு, திடலுக்குப் பக்கத்து நிரை (மர வரிசை). "ஆ" தொகுதி 65 மரம், சனிக்கிழமை வெட்டுக்கு, உள்ளே எங்க இருந்தாலும் பரவாயில்ல. கூடுதலா அஞ்சு மரம் எதுக்குன்னா, எப்படியும் சிலது வறண்டு நிக்கும்.

நாள் கணக்கில் ஓய்வா இருந்த மரம் முதல் வெட்டுக்குக் கொஞ்சமாத்தான், கெட்டியாத்தான் பால் விடும். வெட்ட வெட்டத்தான் ஓட்டம் பழகும். விழாவுக்கு மூணு வாரம் முன்னாலேயே வெட்டத் தொடங்கிடணும். ஜூலை நடுவில் ஆரம்பிச்சா விழா அன்னிக்கு ஒவ்வொரு மரமும் பத்து வெட்டுக்கு மேல கண்டிருக்கும்.

மரம் தேர்ந்தெடுக்கும்போது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 செண்டிமீட்டருக்குக் குறையாம இருக்கணும். பழைய கோட்டில் முண்டும் முடிச்சுமா காயம் ஆறியிருந்தா அந்தப் பக்கம் வேணாம். வெட்டுறதுக்குச் சரியான முகம் (பட்டைப் பரப்பு) கிடைக்கலன்னா மரத்தையே விட்டுடுங்க. முதல் வெட்டில் கோட்டோட பாதி காஞ்சு பழுப்பா நின்னா அது பட்டை வறட்சி. அந்த மரத்துக்கு ஓய்வுதான் மருந்து. விழாவுக்காக ஆழமா வெட்டிப் பார்க்காதீங்க.

கோடு இடது மேலிருந்து வலது கீழா, சுமார் 30 டிகிரி சாய்வு, மரத்தோட பாதிச் சுற்று. ஏன் அந்தப் பக்கம்னு பிள்ளைங்க கண்டிப்பா கேட்பாங்க. பால் குழாய்கள் நேர் மேலே போகல. கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குக் கொஞ்சம் சாய்ஞ்சு ஏறுது. அதுக்குக் குறுக்கா வெட்டினாத்தான் நிறையக் குழாய் அறுபடும். சாய்வு போதலன்னா பால் கோட்டைத் தாண்டி வழியும், அதிகமானா பட்டை வீண்.

ஒரு வெட்டுக்குப் பட்டை ஒன்றரை முதல் ரெண்டு மில்லிமீட்டர்தான் சீவணும். ஆழம், பட்டைக்கு உள்ள இருக்கிற கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வெச்சு. உளி கட்டையைத் தொட்டா அந்த இடத்தில் பட்டை திரும்பி வளரும்போது முண்டு விழும், அடுத்த சுற்றில் உளி ஓடாது. பழைய கங்காணிமார்கள் கூலியில் பிடிச்சது பாதி இதுக்குத்தான்.

பொதுமக்கள் கையில் உளி கொடுக்கணும்னு ஆசைப்பட்டா, உயிருள்ள மரத்தில் வேணாம். மறுநடவுக்கு வெட்டிச் சாய்ச்ச மரத்துண்டு, முக்கால் மீட்டர் நீளம், வெட்டி ரெண்டு மூணு நாளுக்குள்ள இருக்கணும். காஞ்ச பட்டை உரிஞ்சு வந்துரும். துண்டைச் சாய்ஞ்ச நிலையில் சட்டத்தில் கட்டிக் கொடுங்க. பத்து வயசுக்குக் கீழ வேடிக்கை மட்டும். ஜெபோங் உளியை உடம்பை நோக்கி இழுத்து வெட்டணும்ங்கிறதை மறந்துடாதீங்க.

இன்னொன்னு: இப்போ சிறுதோட்டக்காரங்க பெரும்பாலும் பாலை மங்கிலேயே உறைய விட்டுக் கட்டிப்பாலாத்தான் விக்கிறாங்க. அந்த மங்குங்க அடியில் பழைய பால் ஒட்டிக் கிடக்கும். அதில் புதுப் பால் விழுந்தா ஒரு மணி நேரத்தில் திரிய ஆரம்பிக்கும். 90 மங்கையும் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்கணும். கோட்டிலிருந்து மங்குக்குப் பாலை இறக்குற தகரப் பீலியும் அப்படியே.

#6 குவாலாகங்சார்காரன்

மழை பெஞ்சா?

#7 உளிமுனை

பட்டை நனைஞ்சிருந்தா வெட்டு கிடையாது. பால் கோட்டில் நிக்காம மரமெல்லாம் பரவி வீணாகும். 7.30 வரைக்கும் பார்க்கலாம், பட்டை காஞ்சா வெட்டலாம். இல்லன்னா சனிக்கிழமைப் பால் கைவசம் இருக்கே, அதுக்குத்தான் ரெண்டு தொகுதி. சனியும் மழைன்னா வெள்ளிக்கிழமை "அ" தொகுதிப் பாலில் ரெண்டு தட்டு ஊத்தி வைங்க. உறைஞ்ச கட்டியைத் தண்ணியில் மூழ்க வெச்சா ஒரு நாள் தாங்கும்.

#8 கொல்லுப்பட்டறை

உருட்டு மெஷினைப் பத்தி யாரும் பேசல.

இறுகின மெஷினைச் சுத்தியால் தட்டாதீங்க. அது வார்ப்பிரும்பு. தேன்குழல் மாதிரி ஒடியும், அப்புறம் வெல்டிங்கும் சரியா பிடிக்காது. தாங்கு புஷ், பற்சக்கரம், மேல் உருளையை இறக்குற திருகு, மூணு இடத்திலும் துருக்கிளப்பும் எண்ணெயைக் காலையும் மாலையும் ஒரு வாரம் ஊத்துங்க. கைப்பிடியை முன்னும் பின்னும் லேசா ஆட்டிப் பாருங்க. முழுச் சுத்துக்கு ஆசைப்படாதீங்க. அசையலன்னா தாங்கு பகுதியை மட்டும் சூடு காட்டலாம், உருளையை அல்ல.

திருகு, நட்டு மாதிரிச் சின்ன உதிரிகளுக்குச் சலவைச் சோடாத் தண்ணி போதும். நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. 12 வோல்ட் பேட்டரி சார்ஜர்: எதிர்முனை துருப்பிடிச்ச உதிரியில், நேர்முனை ஒரு பழைய இரும்புத் தகட்டில். ரெண்டும் தொடக் கூடாது. தகடு எவர்சில்வரா இருக்கவே கூடாது, அதிலிருந்து குரோமிய விஷம் தண்ணியில் இறங்கும். வெளிப்புறத்தில் செய்யுங்க, ஹைட்ரஜன் கிளம்பும்.

உருளைக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க. பல குழுக்கள் "அழகா இருக்கட்டும்"னு பச்சை அடிச்சுட்டு, முதல் ஷீட்டிலேயே பச்சைத் தோல் உரிஞ்சு வரும்போது முழிப்பாங்க. சட்டத்துக்கு மட்டும் பெயிண்ட். உருளையைக் கம்பித் தூரிகையால் தேய்ச்சு, எண்ணெய் போகக் கழுவி, தொடச்சு வைங்க. விழா வரைக்கும் துரு வராம இருக்கத் தேங்காய் எண்ணெய் லேசா தடவி, முதல் நாள் சவர்க்காரத் தண்ணியில் கழுவிடலாம்.

பாதுகாப்பு. பற்சக்கரத்தை முழுசா மூடுற தகரக் கூடு கட்டாயம். உருளைக்கு முன்னால 60 செண்டிமீட்டர் சாய்பலகை, ஷீட்டை அதில் வெச்சுத்தான் தள்ளணும், விரல் உருளைப் பக்கம் போகக் கூடாது. பிள்ளைங்க கைப்பிடியைச் சுத்தலாம், ஷீட்டைக் கொடுக்கிற ஆள் பழகினவரா இருக்கணும். சுத்துறவர் பார்வை கொடுக்கிறவர் கை மேல. ரெண்டு மெஷினையும் கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்க, புல் தரையில் சும்மா வெச்சா நாலாவது ஷீட்டில் நடந்து போயிரும்.

#9 மெட்ரோலாக்

பாலை ஷீட்டாக்குற முறை. இதைப் பெரிசா எழுதி மேசை மேல மாட்டுங்க.

வடிகட்டி வலை முதல்ல அங்குலத்துக்கு 40 கண், அப்புறம் 60 கண். எவர்சில்வர் வலைதான். பித்தளையும் செம்பும் பால் படுற இடத்தில் இருக்கவே கூடாது. அலங்காரத்துக்குன்னு பித்தளைக் குடத்தில் பாலை ஊத்தி வைக்கிறவங்க இருக்காங்க. செம்பு கொஞ்சம் கலந்தாலும் ரப்பர் நாளாக நாளாகப் பிசுபிசுன்னு உருகிப்போகும்.

தட்டுக்கு ஒன்றரை லிட்டர் பால், ரெண்டரை லிட்டர் சுத்தமான தண்ணி. மொத்தம் நாலு லிட்டர், ரப்பர் அளவு 12.5 சதவீதம் சுமார். பால் கெட்டியா தண்ணியான்னு மெட்ரோலாக் மிதவை சொல்லும். மிதவை கிடைச்சா அதையும் காட்சிக்கு வைங்க, பால் ஸ்டோரில் கிராணி (தோட்ட எழுத்தர்) அதை வெச்சுத்தான் எடை கணக்குப் போட்டார்.

ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதம்: ராத்திரி உறைய விடுறதுக்குத் தட்டுக்கு 2 மில்லி, 200 மில்லி தண்ணியில் கரைச்சு. அன்னிக்கே பார்க்கணும்னா 3 மில்லி, குறைஞ்சது மூணு மணி நேரம். எப்பவும் தண்ணியில் ஆசிட், ஆசிட்டில் தண்ணி இல்ல. கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணி. கரைக்கிற வேலையை முன்னாடியே முடிச்சுட்டு, ஜனங்க முன்னால கரைச்ச தண்ணியை மட்டும் ஊத்துங்க. பேட்டரி ஆசிட் மலிவுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. கந்தக அமிலம் ரப்பரையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

ஊத்தி மெதுவா கலக்கி, மேல வர்ற நுரையை வழிச்சு எடுக்கணும். நுரையை விட்டா ஷீட்டில் குமிழ். ஆசிட் குறைஞ்சா உள்ள புளிச்சு அப்பவும் குமிழ். ஆசிட் கூடினா கட்டி கல்லாகி உருளையில் ஏறாது, காயவும் நாளாகும். பால் ஏற்கனவே திரிஞ்சிருந்தா ஷீட்டில் கட்டி கட்டியா தெரியும்.

உருட்டு: வழவழ உருளையில் மூணு, நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் இடைவெளியை நெருக்கி 3 மில்லிமீட்டருக்குக் கொண்டு வரணும். கடைசியா வரி உருளையில் ஒரே தடவை. அந்த வரி அழகுக்கு இல்ல, காத்துப் படுற பரப்பு கூடும், சீக்கிரம் காயும். கழுவி, நிழலில் ரெண்டு மூணு மணி நேரம் தண்ணி சொட்ட விடணும். ஜனங்க ஷீட்டைத் தொட்டுப் பார்க்கிறது இங்கதான், கைதுடைக்கத் துணி வைங்க.

ஷீட்டைக் காய வைக்கப் புகை போடுறது விழாவில் முடியாது. நாலு, அஞ்சு நாள் வேலை. புகைக்கூடத்தில் முதல் நாள் 40, 45 டிகிரி, கடைசியில் 60 டிகிரி, அதுக்கு மேல போனா கொப்புளம். மூணு வாரம் முன்னால இருந்தே வெட்டப்போறீங்கல்ல, அந்தப் பாலில் ஷீட் போட்டு, புகைக்கூடம் வெச்சிருக்கிற யாரிடமாவது கொடுத்து, ஒண்ணை முதல் நாளிலும், ஒண்ணை மூணாம் நாளிலும், ஒண்ணை அஞ்சாம் நாளிலும் எடுங்க. வெள்ளை, மஞ்சள், தேன் நிறம். மூணையும் கம்பில் வரிசையாத் தொங்கவிட்டுப் பின்னால விளக்கு வெச்சா, தரம் பிரிக்கிறவர் எதைப் பார்த்தார்னு ஒரு வார்த்தை பேசாம புரியும். கெட்டுப்போன ஷீட்டையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்க. ஜனங்க அதைத்தான் அதிக நேரம் பார்ப்பாங்க.

#10 லயத்து_மல்லிகை

மரம், மெஷின், ஆசிட் எல்லாம் சரி. கண்காட்சித் திட்டத்தை யாராவது பார்த்தீங்களா? "துரை பங்களா" செட் போட்டு, தொப்பியும் பிரம்பு நாற்காலியும் வெச்சுப் படம் எடுக்கிற மூலையாம். லயத்துக்கு, அதான் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, ஒரு மூலை இல்ல. ஆயாக் கொட்டகைக்கு ஒரு தொட்டில்கூட இல்ல. பால் வெட்டுன கையில் பாதி பெண்கள் கை. பிள்ளையை விடியறதுக்கு முன்னாலேயே ஆயாகிட்ட விட்டுட்டுத்தான் நிரைக்குப் போனாங்க. இதெல்லாம் விட்டுட்டு எது மரபு?

அந்த மூலை எடுக்க முடியாதுன்னா அதுக்கு எதிர்லேயே லயத்து அறையோட அளவைத் தரையில் சுண்ணாம்பால் வரைஞ்சு விடுங்க. அறை, முன் திண்ணை, அடுப்படி. உள்ள ஒரு குடும்பத்தோட பாய், தொட்டில், பெட்டி. அளவைப் பழைய ஆட்கள் கிட்டக் கேட்டு, ரெண்டு பேர் சொன்னது ஒத்துப்போனா வரைங்க. செலவே இல்ல.

காண்டாக் கம்பும் (தோளில் வெச்சு ரெண்டு பக்கமும் வாளி தொங்கவிடுற கம்பு) ரெண்டு வாளியும் வைங்க. வாளி ஒவ்வொண்ணிலும் 15 லிட்டர் தண்ணி ஊத்தி, திடலைச் சுத்தி ஒரு நடை நடக்கச் சொல்லுங்க. 30 கிலோ. மேடு பள்ளத்தில் தினமும் தூக்குனாங்கன்னு பலகை எழுதத் தேவையே இல்ல.

#11 சிப்புட்வாசி

அக்கா, லயத்து மூலை சேர்த்தாச்சு. பங்களா செட் ஆதரவாளர் கொடுத்தது, எதிர்லேயே வரைஞ்சுடலாம். வரலாற்றுப் பலகை எட்டு போடறோம், எந்த ஆண்டுகளைப் போடலாம்? குழுவில் சிலர் "அரசியல் வேணாம்"ங்கிறாங்க.

#12 பழைய_செக்ரோல்

நம்ம ஊரில் அரசியல் இல்லாம வரலாறு எழுத முடியாது, தம்பி. 1948 ஜூன் 16 அன்னிக்கு எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூணு ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அதைத் தொடர்ந்துதான் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 வரைக்கும் நீடிச்சது. உலக வரலாற்றுப் புத்தகத்தில் சுங்கை சிப்புட் பேர் வர்ற இடம் அது. அதை விட்டுட்டா வெளியூர்க்காரன் வந்து கேட்பான். பலகையில் நடந்ததை மட்டும் எழுதுங்க, தீர்ப்பு வேணாம். கம்பி வேலிக்குள்ள ஆட்களைக் குவிச்சு வெச்சது, அரிசிக் கட்டுப்பாடு, ரெண்டையும் சேருங்க. தோட்டத்து மக்கள் அனுபவிச்சது அதுதான்.

1948ஐ ஒன்பதாவது பலகையா சேர்த்துக்குங்க. மத்த எட்டுக்கு என் தேர்வு:

1877. லண்டன் கியூ தாவரப் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்று சிங்கப்பூர் வந்தது. அதில் 9 குவாலா கங்சாரில் நடப்பட்டது. நமக்குப் பக்கத்து ஊர். விதை கொண்டுபோனது விக்கம், 1876, பிரேசில். "சிங்கப்பூருக்கு விதையா வந்துச்சு"ன்னு எழுதாதீங்க, கன்றாத்தான் வந்தது.

1888க்கு அப்புறம் ரிட்லி. மரத்தைக் கொல்லாம, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா சீவிப் பால் எடுக்கிற முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் சோதிச்சவர். உளிமுனை வெட்டிக் காட்டுறதுக்குப் பக்கத்திலேயே இந்தப் பலகை இருக்கணும்.

1896. மலாக்காவில் டான் சாய் யான் வணிக அளவில் நட்டது. 1925ல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம்.

கங்காணி முறை, அதாவது கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கொண்டு வர்றது. 1938ல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்ததும் அது முடிவுக்கு வந்தது. 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தம், ஆர்.எச். நாதன். கூலி உயர்வோட, துரையைக் கண்டா சைக்கிளிலிருந்து இறங்கணும்ங்கிற வழக்கத்தை ஒழிக்கணும்னும், கள்ளுக்கடையை மூடணும்னும் கேட்டாங்க. அது சிலாங்கூர், நம்ம ஊர்க் கதை இல்லன்னு தெளிவா எழுதுங்க.

1942, 43. ஜப்பானியர் ஆட்களை வெச்சுப் போட்ட சயாம் மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து போனவங்க பேர் தெரிஞ்ச குடும்பங்கள் இருந்தா அந்தப் பேரை எழுத இடம் விடுங்க, குடும்பம் ஒப்புக்கிட்டா மட்டும்.

1954. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம், பி.பி. நாராயணன். அதே ஆண்டு நம்ம ஊர் மகாத்மா காந்தி கலாசாலை, திறந்து வெச்சவர் விஜயலட்சுமி பண்டிட்.

1960. தோட்டங்களைத் துண்டு போட்டு வித்த காலத்தில் துன் சம்பந்தன் தொடங்கின தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அவர் சுங்கை சிப்புட்காரர். இதுக்கு ரெண்டு பலகை கொடுத்தாலும் தகும்.

1965. மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. கட்டி ரப்பர் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பிச்சதும் ஷீட்டுக்கும் புகைக்கூடத்துக்கும் வேலை குறைஞ்சது. செம்பனை வந்ததைத் தனிப் பலகையா போடாம இதோடயே சேர்த்துடலாம்.

#13 குவாலாகங்சார்காரன்

அந்த 9 மரத்தில் மிஞ்சின ஒரு மரம் இன்னும் எங்க ஊரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிக்குது. பிற்பகல் ஒரு வேன் ஏற்பாடு பண்ணினா போய் பார்த்துட்டு வரலாம். சடுகுடுவுக்கு நிக்காதவங்களுக்கு அது ஒரு வேலை.

#14 பழைய_செக்ரோல்

மக்கள் கொண்டு வர்ற பழைய படம், சம்பளச் சீட்டு, செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பக்கம் பத்தி ஒரு வார்த்தை.

அன்னிக்கே ஸ்கேன் பண்ணி அன்னிக்கே திருப்பிக் கொடுங்க. "வெச்சுட்டுப் போங்க"ன்னு வாங்கினா எது யாருதுன்னு குழம்பி, ஊர்ப் பகையில் முடியும். படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தி, காகிதத்துக்கு 300 போதும். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். ரெண்டு ஸ்கேனர் இருந்தா மணிக்குப் பன்னிரண்டு பேர், அதுக்கு மேல டோக்கன் கொடுக்காதீங்க. படத்துக்குப் பின்னால பென்சிலில்தான் எழுதலாம், பேனா வேணாம். லேமினேட் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. ரெண்டும் காகிதத்தைக் கொல்லும்.

செக்ரோலைக் காட்சிக்கு வைக்கும்போது அடையாள அட்டை எண்ணையும் முன்பணக் கடனையும் மறைச்ச நகலை வைங்க. யாரோட தாத்தா எவ்வளவு கடன் வெச்சிருந்தார்ங்கிறது பேரப்பிள்ளைகள் எல்லார் முன்னாலயும் படிக்கிற விசயமில்ல.

பெரியவங்க பேச்சைப் பதிவு செய்யறதை விழா அன்னிக்கு வெச்சுக்காதீங்க. உறுமிச் சத்தத்தில் ஒண்ணும் கேட்காது. அன்னிக்குப் பேர், முகவரி, வசதியான நாள் மட்டும் குறிச்சுக்கிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்குப் போங்க.

#15 லயத்து_மல்லிகை

சாப்பாட்டுக் கடை போடறவங்க உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் வெச்சிருக்கணும், கடைசி வாரம் கேட்டா ஆள் கிடைக்காது. திடல் அனுமதிக்குக் குவாலா கங்சார் நகராண்மைக் கழகம், பிறகு போலீஸ். மரவள்ளிக்கிழங்கு, கருவாடு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க.

ரெண்டு எச்சரிக்கைப் பலகை கண்டிப்பா வேணும். ஒண்ணு: பால் துணியில் பட்டா போகாது. பட்டுப் புடவையில் வர்றவங்க கயிற்றுக்கு இந்தப் பக்கம். இன்னொண்ணு: ரப்பர் கையுறை, பலூன் பட்டா தடிப்போ மூச்சுத் திணறலோ வர்றவங்க பாலையும் ஈர ஷீட்டையும் தொடக் கூடாது.

பழைய தோட்டக் கட்டடம் எதையாவது திறந்து காட்டப் போறீங்கன்னா கூரையைப் பாருங்க. சாம்பல் நிற நெளிவுத் தகடு ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம். ஆணி அடிக்கிறது, துடைப்பத்தால் பெருக்கிறது எதுவும் வேணாம், வெளியில் நின்னு பார்க்கட்டும்.

#16 சிப்புட்வாசி

எல்லாருக்கும் நன்றி. திருத்தின நிரல்:

5.45 மணி அடிச்சுப் பெரட்டு. 6.30 வெட்டு. 7.15 பசியாறல், கண்காட்சி, மரத்துண்டில் உளி பழகுறது. 9.30 பிரமுகர், பால் எடுப்பு. 10.00 வடிகட்டு, ஆசிட். 10.30 பேச்சு, மொத்தம் 30 நிமிடம். 11.00 சனிக்கிழமைப் பால் ஆறு ஷீட் உருட்டு. 12.30 சாப்பாடு. 2.00 உறுமி, கும்மி, சடுகுடு, குவாலா கங்சார் வேன்.

வெட்டு அட்டவணையும் போட்டாச்சு. குழப்பம் இல்லாம இருக்க "அ" தொகுதி இரட்டைத் தேதி, "ஆ" தொகுதி ஒற்றைத் தேதி. ஆகஸ்ட் 2 இரட்டை, ஆகஸ்ட் 1 ஒற்றை, சரியா வருது.

#17 உளிமுனை

சரியா வரல. ஜூலைக்கு 31 நாள். 31 ஒற்றை, அடுத்த நாள் 1, அதுவும் ஒற்றை. "ஆ" தொகுதியை அடுத்தடுத்து ரெண்டு நாள் வெட்டுவீங்க. சனிக்கிழமைப் பால்தான் ஆறு ஷீட்டுக்கு, அன்னிக்குப் பார்த்துப் பால் குறையும். "அ" தொகுதி 30க்கு அப்புறம் 2 வரைக்கும் சும்மா கிடக்கும்.

விழா நாளிலிருந்து பின்னால எண்ணுங்க. "அ" தொகுதி: ஆகஸ்ட் 2, ஜூலை 31, 29, 27, அப்படியே 13 வரைக்கும். "ஆ" தொகுதி: ஆகஸ்ட் 1, ஜூலை 30, 28, 26, அப்படியே 12 வரைக்கும். ரெண்டுக்கும் பதினோரு வெட்டு. தேதியை எழுதி ஒவ்வொரு நிரையோட முதல் மரத்திலும் தொங்கவிடுங்க, வெட்டினதும் வெட்டுறவரே கோடு போடட்டும்.

விழா முடிஞ்சு பந்தல் பிரிக்கும்போது ஒரு ஆளை மட்டும் மரத்துக்கு அனுப்புங்க. 90 மங்கையும் கவிழ்த்து வைக்கணும். மழைத் தண்ணி நின்னா ஏடிஸ் கொசு அதில்தான் முட்டை போடும்.

#18 சிப்புட்வாசி

மாத்தியாச்சு அண்ணே. மங்கு கவிழ்க்கிறது என் பேரில் எழுதிட்டேன்.